கூடுதலாக விற்றது ஒரே ஒரு பெட்டி... ஆலைக்கு மூன்று வாரம் வேலையில்லை! எப்படி?

ஆலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்படும் தொழிலாளிக்குச் சொல்லப்படும் காரணம் உலகம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். "மார்க்கெட் டல்லா இருக்குப்பா. ஆர்டர் வரலை. நாங்க என்ன பண்றது?" கேட்பவருக்கு அதை மறுத்துப் பேச வழியிருக்காது. மார்க்கெட் என்பது மழை மாதிரி. பெய்தால் பெய்யும், பொய்த்தால் பொய்க்கும். மழையிடம் போய் யார் நியாயம் கேட்பது?

ஆனால், அந்தக் காரணம் எப்போதும் உண்மைதானா? வெளியே மார்க்கெட் ஒரே சீராக இருக்கும்போதே, ஓர் ஆலை தன் சொந்த விதிகளாலேயே ஒரு சமயம் ஓவர்டைமிலும் மறு சமயம் ஆட்குறைப்பிலும் மாட்டிக்கொள்ள முடியுமா?

முடியும் என்று ஒருவர் காட்டினார். அதற்கு அவர் பயன்படுத்தியது ஒரு பென்சிலும், நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கமும்தான். பெரிய நிறுவனங்களைக் கணக்கு மாதிரிகளாக மாற்றி, 'இப்படிச் செய்தால் என்ன ஆகும்?' என்று முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கும் துறை இன்று பிரமாண்டமாக வளர்ந்திருக்கிறது. அதன் முக்கியமான தொடக்கங்களில் ஒன்று அந்த ஒற்றைப் பக்கம். இந்த வாரம் அந்தப் பக்கத்தின் கதை!

கென்டக்கி ஆலையின் புதிர்

1950கள். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்துக்கு வீட்டு உபயோகப் பொருட்கள் தயாரிக்கும் ஆலைகள் இருந்தன. அவற்றில் ஒரு விநோதம். சில காலம் மூன்று, நான்கு ஷிப்ட் போட்டு வேலை நடக்கும். சில வருடங்கள் கழித்துப் பார்த்தால், பாதிப் பேரை வேலையிலிருந்து நிறுத்தியிருப்பார்கள். மறுபடி ஆள் எடுப்பு, மறுபடி நிறுத்தம்.

"பொருளாதாரத்துல ஏற்ற இறக்கம் சகஜம்தானே" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால், நிறுவனத்தின் அதிகாரிகளுக்கே அந்த விளக்கம் திருப்தி தரவில்லை. அவர்கள் இந்தப் புதிரைப் பற்றிப் பேசியது ஜே ஃபாரஸ்டர் என்ற எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிடம்.

ஃபாரஸ்டர் 1918-ல் பிறந்தவர். நெப்ராஸ்கா மாநிலத்தில், மின்சாரமே இல்லாத ஒரு மாட்டுப் பண்ணையில் வளர்ந்தார். பள்ளியில் படிக்கும்போதே பழைய கார் பாகங்களை வைத்துக் காற்றாலை ஒன்றைச் செய்து, பண்ணைக்கு முதன்முதலாக மின்சாரம் கொண்டு வந்தவர். பிறகு, அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 'வேர்ல்விண்ட்' என்ற ஆரம்ப கால டிஜிட்டல் கணினியை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். அந்தக் காலக் கணினிகளுக்கு நினைவாற்றல் கொடுத்த காந்த வளைய நினைவகத்தை உருவாக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

புகழின் உச்சியில் இருந்தபோது, 1956-ல் அவர் கணினியை விட்டுவிட்டு அதே கழகத்தின் நிர்வாகவியல் பள்ளிக்கு மாறினார். ஓர் இன்ஜினீயருக்கு நிர்வாகப் பள்ளியில் என்ன வேலை? அவருக்கே அப்போது தெளிவான பதில் இல்லை. கென்டக்கி புதிர்தான் வழிகாட்டியது.

ஒரு பக்கம், சில பத்திகள்

ஃபாரஸ்டர் அதிகாரிகளிடம் கேட்டது மார்க்கெட்டைப் பற்றியல்ல. "நீங்கள் எதைப் பார்த்து ஆள் எடுக்கிறீர்கள்? இருப்பு எவ்வளவு இருந்தால் எவ்வளவு தயாரிக்க முடிவு செய்கிறீர்கள்?" என்கிற ரீதியில் அவர்களின் முடிவெடுக்கும் விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

பிறகு ஒரு தாளை எடுத்தார். மேலே தலைப்புகள்: கையிருப்பு, ஊழியர் எண்ணிக்கை, வந்திருக்கும் ஆர்டர். கீழே வாரா வாரம் ஒரு வரி. இந்த வாரம் இவ்வளவு இருப்பு, இவ்வளவு ஆர்டர் என்றால், நிறுவனத்தின் விதிப்படி எத்தனை பேரை வேலைக்கு எடுப்பார்கள்? அதை எழுதினால், அடுத்த வார உற்பத்தி தெரிந்துவிடும். அதிலிருந்து அடுத்த வார இருப்பு. இப்படியே ஒவ்வொரு வரியாக இறங்கினார்.

தாள் சொன்ன விஷயம் அவரையே ஆச்சர்யப்படுத்தியது. வெளியிலிருந்து வரும் ஆர்டர் மாறாமல் ஒரே அளவாக இருந்தாலும்கூட, உள்ளே ஊழியர் எண்ணிக்கை ஏறி இறங்க வாய்ப்பிருந்தது. அலை வெளியிலிருந்து வரவில்லை. அந்த நிறுவனத்தின் விதிகளும், ஒரு முடிவுக்கும் அதன் பலனுக்கும் நடுவே ஆகும் தாமதமும் சேர்ந்து அலையை உள்ளேயே உருவாக்கின.

கேட்பதற்கு நம்பக் கஷ்டமாக இருக்கிறதா? ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். உங்களுக்கும் ஒரு பென்சில் போதும்.

அண்ணாச்சி கடை சோப்புக் கணக்கு

இது புரிதலுக்காக எடுத்துக்கொள்ளும் கற்பனைக் கணக்கு. ஓர் அண்ணாச்சி கடை. வாரம் 4 பெட்டி சோப்பு விற்கிறது. அண்ணாச்சிக்குச் சரக்கு அனுப்புவது ஒரு மொத்த வியாபாரி. அவருக்கு அனுப்புவது ஆலை.

அண்ணாச்சி, மொத்த வியாபாரி இருவருக்கும் ஒரே கொள்கைதான். 'மூணு வார விற்பனைக்கான சரக்கு எப்பவும் கையில இருக்கணும்.' வாரம் 4 பெட்டி என்றால் கையில் 12 பெட்டி. வாரக் கடைசியில் கணக்குப் பார்த்து ஆர்டர் போடுவார்கள். விற்ற அளவைக் கேட்பார்கள். கூடவே, கையிருப்பில் எவ்வளவு குறைகிறதோ அதையும் சேர்த்துக் கேட்பார்கள். இருப்பு அதிகமாக இருந்தால் அதைக் கழித்துக்கொள்வார்கள். கேட்ட சரக்கு அடுத்த வாரம் வந்துவிடும். இதைவிடப் பொறுப்பான வியாபாரம் இருக்க முடியுமா?

தெருவில் ஒரு புதுக் குடும்பம் குடியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பனை 4-லிருந்து 5 பெட்டி ஆகிறது. அதன் பிறகு மாறவே இல்லை. வாரா வாரம் 5 பெட்டிதான்.

முதல் வாரம். அண்ணாச்சியிடம் இருந்தது 12. வந்தது 4. விற்றது 5. மிச்சம் 11. ஆனால், இப்போது விற்பனை 5 என்பதால் மூன்று வாரச் சரக்கு என்றால் 15 வேண்டும். குறைவது 4. ஆகவே, விற்ற 5, குறைகிற 4, மொத்தம் 9 பெட்டி ஆர்டர்.

மொத்த வியாபாரிக்கு அந்தப் புதுக் குடும்பம் தெரியாது. அவருக்குத் தெரிவது அண்ணாச்சியின் ஆர்டர் மட்டும். '4 பெட்டி கேட்டவர் 9 கேட்கிறாரே! வியாபாரம் சூடுபிடிச்சிடுச்சு.' அவரிடம் இருந்தது 12. வந்தது 4. அனுப்பியது 9. மிச்சம் 7. வாரம் 9 என்றால் மூன்று வாரத்துக்கு 27 வேண்டும். குறைவது 20. ஆகவே, அனுப்பிய 9, குறைகிற 20, மொத்தம் 29 பெட்டி என்று ஆலைக்கு ஆர்டர்!

வாரம் 4 பெட்டி செய்துகொண்டிருந்த ஆலைக்கு ஒரே வாரத்தில் 29. ஓவர்டைம், புது ஆட்கள், ராத்திரி ஷிப்ட் எல்லாம் போட்டு எப்படியோ அனுப்பிவிடுகிறார்கள்.

இரண்டாவது வாரம். அண்ணாச்சியிடம் 11 இருந்தது, 9 வந்தது, 5 விற்றது. கையில் சரியாக 15. குறை ஏதும் இல்லை. 5 பெட்டி மட்டும் ஆர்டர். மொத்த வியாபாரியிடம் 7 இருந்தது, 29 வந்தது, 5 அனுப்பியாகிவிட்டது. கையில் 31. வாரம் 5 என்றால் வேண்டியது 15தான். 16 பெட்டி அதிகமாகக் கிடக்கிறது. ஆலைக்கு ஆர்டர்? பூஜ்யம்.

மூன்றாவது வாரம், மொத்த வியாபாரியிடம் 26 பெட்டி. ஆர்டர் பூஜ்யம். நான்காவது வாரம் 21 பெட்டி. அப்போதும் பூஜ்யம். ஐந்தாவது வாரம் 16 பெட்டி. இப்போதுதான் 4 பெட்டி கேட்கிறார். ஆறாவது வாரத்திலிருந்து 5.

ஆலையின் ஆர்டர் புத்தகத்தை மட்டும் வரிசையாகப் பாருங்கள்: 4, 29, 0, 0, 0, 4, 5.

கடையில் நடந்ததைப் பாருங்கள்: 4, 5, 5, 5, 5, 5, 5.

ஆலை முதலாளி, "மார்க்கெட் திடீர்னு படுத்துடுச்சுப்பா" என்று தொழிலாளியிடம் சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணுக்குத் தெரிவது அதுதான். ஆனால், மார்க்கெட் படுக்கவே இல்லை. ஒரு பெட்டி கூடி, கூடிய இடத்திலேயே நின்றுகொண்டிருக்கிறது.

தப்பு யார் மேல்?

இப்படி ஒரு குளறுபடி நிஜத்தில் நடந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். மீட்டிங் கூட்டுவார்கள். ஆலைக்காரர், 'மொத்த வியாபாரி ஒழுங்கா ஆர்டர் போடத் தெரியாதவர்' என்பார். மொத்த வியாபாரி அண்ணாச்சியைக் காட்டுவார். அண்ணாச்சி வாடிக்கையாளரைக் காட்டுவார். கடைசியில் யாராவது ஒரு மேனேஜரின் தலை உருளும். அவருடைய இடத்துக்கு இன்னொருவர் வருவார். விதி மட்டும் மாறாது. அடுத்த வருடம் அதே குளறுபடி.

மேலே போட்ட கணக்கில் யாராவது தப்பு செய்திருக்கிறார்களா? பேராசை இல்லை, சோம்பேறித்தனம் இல்லை, திருட்டு இல்லை. அவரவர் இடத்தில் அவரவர் சரியாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனாலும் மூன்று வாரம் ஆலைக்கு வேலை இல்லை.

இங்கேதான் மாதிரி போட்டுப் பார்ப்பதன் முதல் லாபம் கிடைக்கிறது. ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணை, அது விதிகளின் பக்கம் திருப்புகிறது.

இரண்டாவது லாபம் அதைவிடப் பெரியது. நிஜ ஆலையில் விதியை மாற்றிப் பார்த்து, சரிவரவில்லை என்றால் நஷ்டம் நிஜமானது. தாளில் மாற்றிப் பார்க்கப் பைசா செலவில்லை. அதையும் செய்து பார்ப்போமா?

மாற்றம் ஒன்று: அண்ணாச்சியின் ஆர்டரோடு, கடையில் உண்மையில் எவ்வளவு விற்றது என்பதும் மொத்த வியாபாரிக்குத் தெரிகிறது. அவர் 9 பெட்டி அனுப்புகிறார். கையில் 7. ஆனால், உண்மையான விற்பனை 5 என்று தெரிவதால் அவர் வைத்துக்கொள்ள நினைப்பது 27 அல்ல, 15. குறைவது 8. ஆகவே ஆர்டர், 5-ம் 8-ம் சேர்ந்து 13. அடுத்த வாரமே கணக்கு சமமாகிவிடுகிறது. ஆலையின் ஆர்டர் புத்தகம் இப்போது: 4, 13, 5, 5, 5. ஒரு பூஜ்யம்கூட இல்லை!

மாற்றம் இரண்டு: விற்பனை விவரம் எதுவும் தெரியாது. ஆனால், மொத்த வியாபாரி கொஞ்சம் பொறுமைசாலி. 'குறையுற 20 பெட்டியையும் ஒரே வாரத்துல நிரப்ப வேண்டாம். இப்போதைக்குக் கால் பங்கு மட்டும் கேட்போம்' என்கிறார். 9-ம் 5-ம் சேர்ந்து 14 பெட்டி. அடுத்த வாரம் அவர் கையில் 16. வேண்டியதைவிட ஒன்றே ஒன்று அதிகம். வழக்கமான 5 பெட்டியையே ஆர்டர் போட்டுவிடுகிறார். இங்கேயும் ஆலை ஒரு வாரம்கூட மூடப்படவில்லை.

யாரையும் மாற்றவில்லை. ஒரு தகவலும் கொஞ்சம் நிதானமும்தான் சேர்ந்தன.

வாய் பேசாத விளையாட்டு

'இது தாள் கணக்கு. நிஜ மனிதர்கள் இன்னும் புத்திசாலித்தனமாக நடந்துகொள்வார்கள்' என்று தோன்றலாம். அதைச் சோதிக்கவே மசாசூசெட்ஸ் கழகத்தில் ஒரு விளையாட்டை உருவாக்கினார்கள். அதன் பெயர் 'பீர் விளையாட்டு'. பெயரில்தான் பீர் இருக்கிறது. உண்மையில் மேஜை மேல் இருப்பது வில்லைகளும் சீட்டுகளும்தான்.

நான்கு பேர். ஒருவர் சில்லறைக் கடைக்காரர், ஒருவர் மொத்த வியாபாரி, ஒருவர் விநியோகஸ்தர், ஒருவர் ஆலைக்காரர். ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. ஆர்டரைச் சீட்டில் எழுதி மட்டுமே அனுப்ப வேண்டும். ஆர்டர் போய்ச் சேரவும், சரக்கு வந்து சேரவும் சில வாரங்கள் ஆகும். வாடிக்கையாளர் எவ்வளவு வாங்குகிறார் என்பது கடைக்காரருக்கு மட்டும்தான் தெரியும். ஒரு பெட்டி ஒரு வாரம் தேங்கினால் அரை டாலர் செலவு. கேட்டவருக்கு ஒரு பெட்டி கொடுக்க முடியாமல் போனால் வாரம் ஒரு டாலர் செலவு.

வாடிக்கையாளர் முதல் நான்கு வாரம் 4 பெட்டி வாங்குவார். ஐந்தாவது வாரத்திலிருந்து 8 பெட்டி. அதன் பிறகு ஆட்டம் முடியும்வரை 8 பெட்டிதான். விளையாட்டில் இருக்கும் ஒரே மாற்றம் அதுதான்.

ஆனால், மேஜையில் நடப்பது வேறு. சரக்கு தீருகிறது. பதற்றத்தில் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆர்டர் பறக்கிறது. வரவில்லையே என்று மறுபடியும் கேட்கிறார்கள். பிறகு, எல்லாம் ஒரேயடியாக வந்து குவிகிறது. ஆர்டர் பூஜ்யத்துக்கு இறங்குகிறது. ஆட்டம் முடிந்ததும், "வாடிக்கையாளர் எப்படி வாங்கியிருப்பார் என்று வரைந்து காட்டுங்கள்" என்று கேட்பது வழக்கம். பெரும்பாலானோர் மலையும் மடுவுமாக ஓர் அலையை வரைவார்கள். பிறகு, உண்மையான கோட்டைக் காட்டுவார்கள். ஒரு படி ஏறி, அப்புறம் நேர்க்கோடு!

அதே கழகத்தின் பேராசிரியர் ஜான் ஸ்டெர்மன் இந்த ஆட்டங்களின் பதிவுகளை ஆராய்ந்து, 1989-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நிதானமான ஒரு விதியைப் பின்பற்றியிருந்தால் ஆகியிருக்கும் செலவைப் போல, விளையாடியவர்களுக்குச் சராசரியாகப் பத்து மடங்கு செலவாகியிருந்தது. மனிதர்கள் செய்யும் முக்கியமான தவறு ஒன்றையும் அவர் சுட்டிக்காட்டினார். ஏற்கெனவே கேட்டு, வழியில் வந்துகொண்டிருக்கும் சரக்கை அவர்கள் கணக்கில் சரியாக எடுத்துக்கொள்வதில்லை. கண்ணுக்கு எதிரே இருக்கும் காலி அலமாரி மட்டுமே பெரிதாகத் தெரிகிறது.

குழந்தை டயப்பரும் கார் சிப்பும்

மேஜையை விட்டு நிஜத்துக்கு வருவோம். 'பேம்பர்ஸ்' டயப்பர்களைத் தயாரிக்கும் புராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனத்தில் ஒரு புதிரைக் கவனித்தார்கள். குழந்தைகள் டயப்பரைப் பயன்படுத்துவது ஒரே சீரான விஷயம். கடைகளின் விற்பனையிலும் பெரிய ஆட்டம் இல்லை. ஆனால், விநியோகஸ்தர்களின் ஆர்டர் அதைவிட அதிகமாக ஏறி இறங்கியது. நிறுவனம் தன் மூலப்பொருளுக்குப் போட்ட ஆர்டரோ இன்னும் மோசமாக ஆடியது. சாட்டையைக் கைப்பிடியில் லேசாக அசைத்தால் நுனி பெரிதாகத் துள்ளும் அல்லவா? அதனால், இதற்குச் 'சாட்டை விளைவு' என்று பெயர் வந்தது.

ஹாவ் லீ, பத்மநாபன், வாங் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 1997-ல் இதற்கு நான்கு காரணங்களை வரிசைப்படுத்தினார்கள். கடைசியாக வந்த ஆர்டரைப் பார்த்தே எதிர்காலத்தைக் கணிப்பது. சேர்த்து வைத்து மொத்தமாக ஆர்டர் போடுவது. தள்ளுபடி அறிவித்து மக்களை முன்கூட்டியே வாங்கிக் குவிக்க வைப்பது. தட்டுப்பாடு வரும் என்று பயந்து தேவைக்கு மேல் கேட்டு வைப்பது.

நான்காவது காரணத்தை 2020-ல் உலகமே பார்த்தது. கொரோனா ஊரடங்குப் பயத்தில் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா என்று பல நாடுகளில் டாய்லெட் பேப்பர் அலமாரிகள் காலியாயின. அந்த ஊர்களில் மக்கள் திடீரென்று இரண்டு மடங்கு டாய்லெட் பேப்பரைப் பயன்படுத்த ஆரம்பித்துவிடவில்லை. 'கிடைக்காது' என்ற பயமே, கிடைக்காமல் செய்தது.

அடுத்து கார் சிப். 2020-ல் ஊரடங்கு வந்ததும், 'இனி யார் கார் வாங்கப்போகிறார்கள்?' என்று கார் கம்பெனிகள் சிப் ஆர்டரைக் குறைத்தன. சிப் ஆலைகள் லேப்டாப், போன் என்று வேறு வாடிக்கையாளர்கள் பக்கம் திரும்பிவிட்டன. எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் கார் விற்பனை எழுந்தது. ஆனால், ஒரு சிப்பைத் தயாரித்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும். வரிசையின் கடைசியில் போய் நின்ற கார் கம்பெனிகள் 2021 முழுக்கத் திண்டாடின. அந்த வருடம் செப்டம்பரில், ஹரியானா, குஜராத் ஆலைகளில் வழக்கமான உற்பத்தியில் சுமார் 40 சதவிகிதமே சாத்தியப்படலாம் என்று மாருதி சுசூகி அறிவித்தது. அப்போது புக் செய்துவிட்டு மாதக்கணக்கில் காருக்குக் காத்திருந்தவர்களுக்கு இந்தக் கதை நன்றாகவே நினைவிருக்கும்.

தாளிலிருந்து கணினிக்கு

இரண்டு வியாபாரிகள், ஆறு வாரம் என்றால் பென்சில் போதும். நூறு கிடங்கு, ஆயிரம் பொருள், பத்து வருடம் என்றால்? ஃபாரஸ்டருக்கும் அந்தத் தேவை சீக்கிரமே வந்தது. 1958-ல், ரிச்சர்ட் பென்னட் என்ற புரோகிராமர் அவருக்காக 'சிம்பிள்' என்ற கணினி நிரலை எழுதினார். அதைத் தொடர்ந்து ஃபிலிஸ் ஃபாக்ஸ், அலெக்சாண்டர் பியூ ஆகியோர் 'டைனமோ' என்ற மேம்பட்ட நிரலை உருவாக்கினார்கள். 1961-ல் ஃபாரஸ்டரின் 'இண்டஸ்ட்ரியல் டைனமிக்ஸ்' புத்தகம் வெளிவந்தது.

இன்று நிறுவனங்களை ஓட்டிப் பார்க்கப் பெரும்பாலும் மூன்று வழிகள் உண்டு. ஒரு பெரிய மருத்துவமனையை உதாரணமாக எடுத்துக்கொண்டால் சுலபமாகப் புரியும்.

ஃபாரஸ்டர் வழியில், மருத்துவமனையைத் தண்ணீர்த் தொட்டி மாதிரிப் பார்ப்பார்கள். எவ்வளவு நோயாளிகள் உள்ளே வருகிறார்கள், எவ்வளவு பேர் வெளியே போகிறார்கள், நடுவில் எவ்வளவு பேர் தேங்குகிறார்கள் என்பதுதான் கணக்கு. இரண்டாவது வழி, வரிசையைப் பார்ப்பது. ஒவ்வொரு நோயாளியும் டோக்கன் வாங்குவது, டாக்டரைப் பார்ப்பது, ஸ்கேனுக்குப் போவது என ஒவ்வொரு நிகழ்வாகக் கணினியில் நடத்திப் பார்ப்பார்கள். இன்னொரு ஸ்கேன் மெஷின் வாங்கினால் காத்திருப்பு குறையுமா, இல்லை ரிப்போர்ட் எழுத இன்னொரு டாக்டர்தான் வேண்டுமா என்பது இதில் தெரிந்துவிடும். மூன்றாவது வழி, மனிதர்களைத் தனித்தனியாகப் பார்ப்பது. ஒவ்வொரு டாக்டரும், நர்ஸும், நோயாளியும் தங்களுக்கென்று ஒரு விதியோடு கணினிக்குள் உலவுவார்கள். அவர்கள் ஒருவரோடு ஒருவர் மோதும்போது என்ன ஆகிறது என்று பார்ப்பார்கள்.

மூன்றிலும் அடிப்படைக் கேள்வி ஃபாரஸ்டரின் தாளில் இருந்த அதே கேள்விதான். இந்த விதிப்படி போனால், அடுத்த வரியில் என்ன வரும்?

மாதிரி சொன்னால் வேத வாக்கா?

இல்லை. இதற்கும் ஃபாரஸ்டரின் வாழ்க்கையிலேயே உதாரணம் உண்டு.

பாஸ்டன் நகரத்தின் முன்னாள் மேயர் ஜான் காலின்ஸ், பதவிக் காலம் முடிந்ததும் அதே கழகத்துக்கு வந்தார். இருவரின் பேச்சும் நகரங்களின் பிரச்னை பக்கம் திரும்பியது. ஃபாரஸ்டர் ஒரு நகரத்தையே மாதிரியாகப் போட்டு, 1969-ல் 'அர்பன் டைனமிக்ஸ்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். நலிந்துபோன நகரப் பகுதிகளில் ஏழைகளுக்கான குறைந்த விலை வீடுகளைக் கட்டிக்கொண்டே போவது நல்லதல்ல என்றது அந்த மாதிரி. அந்த வீடுகள் வேலை தரும் தொழில்களுக்கான இடத்தை எடுத்துக்கொண்டு, வேலை தேடுவோரை மட்டும் அதிகமாக்கி, வறுமையை இன்னும் மோசமாக்கும் என்பது அதன் கணக்கு.

கடும் எதிர்ப்பு கிளம்பியது. விமர்சகர்கள் எழுப்பிய கேள்விகளில் ஒன்று முக்கியமானது. அந்த மாதிரியில் நகரத்துக்கு வெளியே இருக்கும் புறநகர்கள் எங்கே? நகரத்தில் வேலை பார்த்துவிட்டுப் புறநகரில் குடியிருப்பவர்கள் எங்கே? எல்லைக் கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்தே விடையும் மாறுகிறது. கோட்டுக்கு வெளியே விடுபட்டவர்களின் கஷ்டம் எந்தப் பத்தியிலும் வராது.

நம் சோப்புக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆலையில் எத்தனை பெட்டி என்று எழுதினோம். மூன்று வாரம் வேலை இல்லாமல் உட்கார்ந்தவர் வீட்டில் என்ன சமையல் ஆனது என்று எழுத அதில் பத்தி இல்லை. பத்தி இல்லாததால் அது நடக்காமல் போய்விடாது.

அதனால், ஒரு மாதிரியைக் காட்டி யாராவது ஆட்குறைப்பையோ கட்டண உயர்வையோ நியாயப்படுத்தினால், பொதுமக்களும் தாராளமாகக் கேள்வி கேட்கலாம். கணிதம் தெரிய வேண்டும் என்ற அவசியமில்லை. 'என்ன விதியை வைத்து ஓட்டினீர்கள்? யாரையெல்லாம் கணக்கில் சேர்த்தீர்கள்? யாரை விட்டீர்கள்? விதியை மாற்றி ஓட்டிப் பார்த்தீர்களா?' இந்த நான்கு கேள்விகள் போதும். நேர்மையாகப் போட்ட மாதிரி என்றால், நான்குக்கும் அதில் பதில் இருக்கும்.

ஃபாரஸ்டர் 2016 நவம்பரில், 98 வயதில் காலமானார். அவர் தொடங்கிவைத்த துறையில் இன்று சக்திவாய்ந்த கணினிகள் லட்சக்கணக்கான வரிகளை நொடியில் ஓட்டுகின்றன. ஆனால், ஆர்டர் குறைந்துவிட்டது என்று ஆட்களை வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு மேனேஜர் செய்ய வேண்டிய முதல் வேலைக்குக் கணினிகூட வேண்டாம். கடையில் விற்பனை உண்மையிலேயே குறைந்திருக்கிறதா, இல்லை போன மாதம் நாமே வாங்கிக் குவித்த சரக்கு நடுவழியில் கிடங்குகளில் தேங்கிக் கிடக்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு, ஒரு தாளில் நான்கு வரி எழுதிப் பார்த்தால் போதும். தேங்கியிருப்பது சரக்குதான் என்று தெரிந்தால், அந்த மூன்று வாரச் சம்பளத்தைக் கொடுத்து ஆட்களை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிட்டு ஆறாவது வாரம் மறுபடி ஆள் தேடுவதா என்பது வேறு மாதிரியான கணக்காகிவிடும்.